180 கேலன் மீன் தொட்டியை ஹேவர்ட் பிளவுக்குப் பக்கத்து வீட்டில் வைக்கலாமா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் மாடி இல்லாத வீடு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், நிலநடுக்கம் வரக்கூடிய ஹேவர்ட் நிலப்பிளவு இரண்டு மைல் தூரத்தில் ஓடுகிறது, 180 கேலன் தொட்டி வைக்க வேண்டும் என்பது உங்கள் கணவரின் நீண்ட நாள் ஆசை. பூமி ஆடினால் கண்ணாடி தாங்குமா, அக்ரிலிக் வாங்குவதா, சுவரோடு பெல்ட் போட்டுக் கட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மூன்று வயதுப் பையன் எந்நேரமும் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருப்பான் என்று ஒரு வரி. நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். உடைந்தால் தண்ணீர் கொட்டும், துடைத்துவிடலாம். தொட்டி முன்பக்கமாகச் சாய்ந்து ஆள் மேல் விழுமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நான் கட்டடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்பைக் கணக்கிடும் பொறியாளர், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில்தான் வேலை, வீட்டில் பெரிய தொட்டியும் உண்டு. அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மீன் வைத்தியம் என் துறை இல்லை, அதில் வளர்ப்பவனாக மட்டுமே பேச முடியும்.

முதலில் பயத்தை அளந்துவிடுவோம். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் கணிப்புப்படி 2014 முதல் 2043 வரையிலான 30 ஆண்டுகளில் பே ஏரியாவில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஒன்றாவது வர 72 சதவீத வாய்ப்பு. அதில் ஹேவர்ட், ராஜர்ஸ் கிரீக் பிளவுகளின் பங்கு மட்டும் 33 சதவீதம். ஹேவர்ட் பிளவில் கடைசியாகப் பெரிதாக ஆடியது 1868 அக்டோபர் 21. ஆக இது தொலைதூரக் கவலை இல்லை, நீங்கள் அந்த வீட்டில் இருக்கும் காலத்திலேயே வரக்கூடியது என்று வைத்துத்தான் தொட்டியை அமைக்க வேண்டும். அதே சமயம், சரியாக அமைத்தால் வைக்கலாம். வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை.

180 கேலன் என்றால் 680 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அதாவது தண்ணீரே 680 கிலோ. கண்ணாடித் தொட்டி ஏறக்குறைய 150 கிலோ, மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் ஒரு டன். வழக்கமான 180 கேலன் தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடிக்குச் சற்று மேல் உயரம் இருக்கும். அதை 75 செ.மீ. உயர ஸ்டாண்டில் ஏற்றினால் மொத்த எடையின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். அடிப்பாகத்தின் பாதி அகலமோ 30 செ.மீ. தான். முப்பதை நூறால் வகுத்தால் 0.3. அதாவது தரை முன்பின்னாக 0.3 ஜி அளவுக்கு, புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு, அசைந்தாலே ஸ்டாண்டின் பின் விளிம்பு தரையை விட்டு எழும்பத் தொடங்கும். 1989 லோமா ப்ரியட்டா நிலநடுக்கத்தில் மையத்துக்கு அருகே கொராலிட்டோஸில் பதிவானது 0.6 ஜிக்கு மேல். பிளவுக்கு இரண்டு மைலில் இருக்கும் உங்கள் வீட்டில், ஹேவர்டில் 7ஐ ஒட்டிய நிலநடுக்கம் வந்தால் 0.5 ஜியைத் தாண்டும் என்று வைத்தே நான் கணக்கு போடுவேன்.

பின் விளிம்பு எழும்புவதும் கவிழ்வதும் ஒன்றல்ல. ஒரு நொடியின் சிறு பகுதிக்கு எழும்பித் திரும்ப உட்கார்ந்துவிடலாம், எத்தனையோ அலமாரிகள் அப்படித் தப்பியிருக்கின்றன. எழும்பத் தொடங்கும் இடம் கணக்கில் உறுதி. முழுதாகக் கவிழுமா என்பது அன்றைய அசைவின் போக்கைப் பொறுத்தது, அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு டன் எழும்பித் தடாலென்று உட்காருவதே கண்ணாடிக்கும் ஸ்டாண்டின் மூட்டுகளுக்கும் போதுமான கேடு. அதனால் எழும்பவே விடாமல் செய்வதுதான் வேலை.

தண்ணீர்தானே, ஆடும்போது அது பாட்டுக்கு அலையடிக்கும், திடப்பொருள் போல முழு எடையையும் தள்ளாது என்று ஒரு வாதம் கேட்டிருப்பீர்கள். பாதி சரி. கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஹவுஸ்னர் 1950களிலும் 60களிலும் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் போட்டுத்தந்த கணக்குமுறையை இன்றும் பயன்படுத்துகிறோம். அதன்படி தொட்டியில் இருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு தொட்டியோடு ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக நகரும், மீதிப் பங்கு மேலே தனியாக அலையும். உங்கள் தொட்டிக்குப் போட்டுப் பார்த்தால், நீளவாக்கில் ஆடும்போது ஏறக்குறைய 60 சதவீதம் அலையாகப் போகிறது. ஆனால் முன்பின்னாக ஆடும்போது நாலில் மூன்று பங்குக்கு மேல் கட்டியாகவே நகரும். அதாவது எந்தத் திசையில் கவிழ வாய்ப்பு அதிகமோ அந்தத் திசையில் தண்ணீர் கிட்டத்தட்ட கல் மாதிரிதான் நடந்துகொள்ளும். அலையடிக்கும் என்று நம்பி விட்டுவிட முடியாது.

இனி கட்டுவது. தொட்டியைக் கட்டாதீர்கள், ஸ்டாண்டைக் கட்டுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். காரணம் அதே கணக்குதான்: தொட்டியை மட்டும் தனியாகப் பார்த்தால் பாதி அகலம் 30, எடை மையம் அதன் அடியிலிருந்து 32 செ.மீ. வகுத்தால் 0.9 ஜிக்கு மேல். ஸ்டாண்ட் அசையாமல் நின்றால் அதன் மேலிருக்கும் தொட்டி அவ்வளவு சுலபத்தில் கவிழாது, வழுக்கி நகரப் பார்க்கும், அவ்வளவுதான். நகர்வதைத் தடுக்க ஸ்டாண்டின் மேல்தட்டைச் சுற்றி ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் உயரத்துக்கு மரச்சட்டம் அடித்துத் தொட்டியின் அடிச்சட்டத்தை உள்ளே உட்கார வைத்தால் போதும். சட்டம் கண்ணாடியை நேரடியாகத் தொடக்கூடாது, நடுவில் ரப்பர் பட்டை வையுங்கள். தொட்டியின் மேல் விளிம்பில் பெல்ட் போட்டுச் சுவரோடு இழுத்துக் கட்டினால் மொத்த விசையும் கண்ணாடியின் ஓரிடத்தில் போய் நிற்கும், அதுவே உடைக்கும். டிவிக்கும் புத்தக அலமாரிக்கும் விற்கிற ஒட்டுப் பட்டைகள் ஒரு டன்னுக்குச் செய்தவை அல்ல.

ஸ்டாண்டைச் சுவரோடு பிணைக்கும்போது 0.6 ஜிக்குக் கணக்கிட்டால், 75 செ.மீ. உயரத்தில் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை சுமார் 400 கிலோ. பெரிதாகத் தெரியும், ஆனால் மரச்சட்ட வீட்டில் சுவருக்குள் நிற்கும் ஸ்டட் என்ற மரத்தூண்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும், 6 அடி ஸ்டாண்டுக்குப் பின்னால் குறைந்தது நான்கு கிடைக்கும். ஒன்றுக்கு 100 கிலோ. ஸ்டாண்டின் பின் மேல்சட்டத்தில் ஒரு 2×4 கட்டையை முழு நீளத்துக்கும் வைத்து, ஒவ்வொரு ஸ்டட்டிலும் கால் அங்குலத் தடிமனுக்குக் குறையாத லேக் ஸ்க்ரூ என்ற கனமான மரத்திருகு இரண்டு, மரத்துக்குள் மட்டும் 2 அங்குலமாவது இறங்குகிற மாதிரிப் போட்டால் தாராளமாகத் தாங்கும். முன்துளை போடாமல் முறுக்கினால் ஸ்டட் பிளந்துகொள்ளும். ஸ்டட்களை மூடியிருக்கும் டிரைவால் பலகையில் மட்டும் பிடிக்கிற ஆங்கர் எதற்கும் உதவாது. ஸ்டட் கண்டுபிடிக்கும்போதே உள்ளே மின்கம்பியோ குழாயோ போகிறதா என்று பார்த்துவிடுங்கள். இது என் தோராயக் கணக்கு, உங்கள் சுவரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வரைபடம் இல்லை. பழைய வீட்டுச் சுவர்களில் எதிர்பாராதவை இருக்கும்.

அடுத்து ஸ்டாண்டே எப்படி இருக்கிறது என்பது. செங்குத்து எடையைத் தாங்குகிற ஸ்டாண்டுகள் நிறைய, பக்கவாட்டில் தள்ளினால் சாய்சதுரமாக மடங்காத ஸ்டாண்டுகள் குறைவு. நான்கு கால், மேலே ஒரு சட்டம், பின்பக்கம் திறந்தே கிடக்கிறது என்றால் வாங்காதீர்கள். பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் முக்கால் அங்குல பிளைவுட்டால் மூடிப் பசையும் திருகும் போட்டது வேண்டும். இரும்பு ஸ்டாண்ட் என்றால் குறுக்குச் சட்டங்கள் பற்றவைத்திருக்க வேண்டும். பின்பலகையில் குழாய்க்காக வெட்டும் துளைகளை முடிந்தவரை சிறிதாக வையுங்கள். கடைகளில் விற்கிற சில அலமாரி ஸ்டாண்டுகளின் பின்பக்கம் மெல்லிய அட்டைதான், அதன் மேல் ஒரு டன்னை ஏற்ற எனக்கு மனம் வராது.

அகலத்திலும் உயரத்திலும் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. ஸ்டாண்டை 75க்குப் பதில் 50 செ.மீ. ஆக்கினாலே 0.3 என்பது 0.4ஐ நெருங்கிவிடும். 2 அடிக்குப் பதில் 3 அடி அகலத் தொட்டி என்றால் இன்னும் நல்லது. உயரமாக, ஒடுக்கமாக, அழகாக நிற்கிற தொட்டிகள்தான் இந்த நிலநடுக்கப் பகுதிக்கு ஒத்துவராதவை. மீனுக்கும் நீந்த நீளமும் அகலமும்தான் தேவை, உயரம் பார்க்கிற நமக்குத்தான்.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்ற கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கிற அளவு முக்கியத்துவம் நான் தரமாட்டேன். அக்ரிலிக்கின் அடர்த்தி கண்ணாடியில் பாதிக்கும் குறைவு, கொஞ்சம் வளைந்துகொடுக்கும், கல் வந்து மோதினால் கண்ணாடி போலச் சட்டென்று விரிசல் விடாது. இவை உறுதி. அதனால் நிலநடுக்கத்தில் அக்ரிலிக்தான் பிழைக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. கண்ணாடித் தொட்டியின் சிலிக்கான் மூட்டும் ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும், நன்றாக ஒட்டிய கண்ணாடித் தொட்டி மோசமாக ஒட்டிய அக்ரிலிக்கைவிட மேல். பழைய தொட்டியை யாரிடமாவது வாங்குவதாக இருந்தால் மூட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். ஆட்டமே இல்லாமலும் தொட்டி வெடிக்கும் என்பதற்கு பெர்லின் ஹோட்டலில் 10 லட்சம் லிட்டர் தண்ணீரோடு நின்ற அக்வாடோம் 2022 டிசம்பர் 16 அன்று வெடித்தது சாட்சி, அது அக்ரிலிக்தான்.

கல்தான் எனக்குப் பெரிய கவலை. ஆப்பிரிக்க சிக்லிட் வகை மீன் வளர்ப்பவர்கள் கல்லை அடுக்கி மலை கட்டுவார்கள். ஆடும்போது உள்ளிருந்து கண்ணாடியை இடிக்கும் சுத்தியல் அதுதான். கனமான கற்களை மணலுக்கு மேல் வைக்காமல், அடியில் பிளாஸ்டிக் கட்டத்தட்டு போட்டு அதன் மேல் உட்கார வைத்து, பிறகு மணல் நிரப்புங்கள். ஒன்றின் மேல் ஒன்று வைப்பதாக இருந்தால் எபாக்ஸியால் ஒட்டுங்கள். கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

தளும்பல் பற்றி. உங்கள் தொட்டியில் தண்ணீர் நீளவாக்கில் ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 1.7 நொடி, அகலவாக்கில் 0.9 நொடி. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயர ஏறுவது போல, தரையின் அசைவும் அதே தாளத்தில் வந்தால் அலை பெரிதாகிக்கொண்டே போகும். மாடியில்லாத மரவீடு இதைவிட மிக வேகமாக ஆடுவது, அந்த விதத்தில் உங்களுக்கு நல்லது. உயரமான கட்டடத்தின் இருபதாவது மாடிதான் மோசமான இடம், அந்தக் கட்டடங்களின் சொந்தத் தாளமே 2 நொடியை ஒட்டி இருக்கும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 வந்தபோது அவ்வளவு தொலைவில் உள்ள சென்னையிலும் மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள் அசைவை உணர்ந்து வெளியே வந்தார்கள், இந்த மெதுவான அலைகள்தான் காரணம். ஊரில் அடுக்குமாடியில் தொட்டி வைத்திருப்பவர்களும் விளிம்பு வரை நிரப்பாமல் இருப்பது நல்லது. உங்கள் வீடு ஃப்ரீமான்டின் மேற்கே, வளைகுடா ஓரத்துச் சேற்று மண்ணில் இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். 1989 லோமா ப்ரியட்டா நிலநடுக்கத்தில் இறந்த 63 பேரில் 42 பேர் ஓக்லண்டின் சைப்ரஸ் மேம்பாலத்தில் இறந்தார்கள். மையத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் அது விழ அடியில் இருந்த மெத்தென்ற மண்ணும் ஒரு காரணம். வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட இயற்கை இடர் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், பிளவு மண்டலமா, மண் குழையும் மண்டலமா என்று அதில் இருக்கும்.

அலைக்குச் செய்ய வேண்டியது எளிது. தண்ணீரை விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே வையுங்கள், மூடி போடுங்கள். இந்த அளவுத் தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் என்பது 28 லிட்டர், நான்கு அங்குலம் 110 லிட்டருக்கு மேல். மேலே குறுக்குச் சட்டமே இல்லாத விளிம்பற்ற தொட்டி பார்க்க அழகு, இங்கே வேண்டாம்.

தரை. 1000 கிலோவை ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேலான இடத்தில் வைக்கிறீர்கள். சதுர அடிக்கு 180 பவுண்டை ஒட்டி வரும், வீட்டுத் தரை வடிவமைப்பு 40 பவுண்டுக்கு. கான்கிரீட் தளம் என்றால் கவலை இல்லை. கீழே தவழ்ந்து போகிற வெற்றிடம் உள்ள மரத்தளம் என்றால் சுமை தாங்கும் சுவரை ஒட்டி, தரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் கட்டைகளுக்குக் குறுக்காக வையுங்கள், அடியில் கூடுதல் தூண் தேவைப்படலாம். அங்கே இறங்கும்போதே வீடு அஸ்திவாரத்தோடு போல்ட் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொட்டியைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் செய்யுங்கள். கலிஃபோர்னியாவில் பிரேஸ் அண்ட் போல்ட் என்று இதற்கே உதவித்தொகைத் திட்டம் உண்டு, தகுதியுள்ள பழைய வீடுகளுக்கு 3000 டாலர் வரை தருகிறார்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டாண்டும் தொட்டியும் சேர்ந்து 1.4 மீட்டர் உயரம். கவிழ்ந்தால் எட்டக்கூடிய அந்தத் தூரத்துக்குள் கட்டில், தொட்டில், வழக்கமாக உட்காரும் சோபா எதுவும் வேண்டாம். வெளியேறும் கதவும் அந்த வட்டத்தில் வரக்கூடாது. அவன் பார்க்கட்டும், ஸ்டாண்டைச் சுவரோடு பிணைத்துவிட்டால் பகலில் அவன் முன்னால் உட்காருவதை நான் தடுக்கமாட்டேன், தூங்குவது மட்டும் வேறு அறையில். ஆடத் தொடங்கியதும் யாரும் தொட்டியைப் பிடிக்க ஓடக்கூடாது. இதை உங்கள் கணவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், ஆசையாக வளர்ப்பவர்களுக்குக் கை தன்னால் போகும். 0.5 ஜியில் அது தள்ளும் விசை 500 கிலோ, மனிதன் பிடித்து நிறுத்துகிற சமாச்சாரம் இல்லை. மைஷேக் செயலி சில நொடி முன்னெச்சரிக்கை தரலாம், அந்த நொடிகள் பையனைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போக.

மின்சாரத்தில் ஏமாந்துவிட வேண்டாம். பிளக் பலகையைத் தரையிலோ தொட்டிக்கு நேர் அடியிலோ வைக்காமல் பக்கச் சுவரில் உயரத்தில் மாட்டுங்கள், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. உள்ளதாக இருக்கட்டும், ஒவ்வொரு வயரும் பிளக்கை விடக் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். தண்ணீர் இறங்கி ஹீட்டர் காற்றில் எரிந்தால் வெடிக்கலாம், தானே அணைகிற வகை வாங்குங்கள். ஆட்டம் நின்றபின் தரையில் தண்ணீர் இருந்தால் கால் வைக்குமுன் பிரேக்கரை அணையுங்கள். தொட்டிக்கு வெளியே நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் குழாய் கழன்றால் சைஃபன் முழுத் தொட்டியையும் காலி செய்துவிடும், உறிஞ்சும் குழாயில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சிறு துளை போட்டால் மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து நின்றுவிடும்.

மீனைக் கொல்வது பெரும்பாலும் ஆட்டம் இல்லை, அதற்குப் பின் வரும் மின்வெட்டு. 2011இல் ஃபுகுஷிமாவின் அக்வாமரீன் காட்சியகத்தில் ஏறக்குறைய 2 லட்சம் உயிர்கள் போனது மின்சாரம் நின்றதால்தான். பேட்டரி ஏர் பம்ப் இரண்டு, பேட்டரிகள் ஒரு டப்பா, இதைத் தொட்டியோடு சேர்த்தே வாங்குங்கள். தீனியை நிறுத்துங்கள், வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் பட்டினி தாங்கும். குளிர் இரவாக இருந்தால் போர்வை சுற்றுங்கள். பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டரை அப்படியே ஓட்டாதீர்கள், உள்ளே அழுகிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பின்னதிர்வுகள் வரும், ஆகவே விரிசலோ மூட்டில் கசிவோ சந்தேகமாக இருந்தால் தண்ணீரைப் பாதியாக்குங்கள், தண்ணீரின் எடையும் பாதியாகும், அதன் மையமும் இறங்கும். வெளியேற்றிய தண்ணீரை வாளிகளில் பிடித்துவையுங்கள், குடிக்க ஆகாது, கழிவறைக்கு ஆகும். ஹேவர்ட் பிளவில் 7.0 வந்தால் என்ற ஹேவயர்ட் ஆய்வில், கிழக்கு வளைகுடாப் பகுதியில் சிலருக்குக் குழாய்த் தண்ணீர் திரும்ப 6 வாரத்திலிருந்து 6 மாதம் வரை ஆகலாம் என்று கணித்திருக்கிறார்கள்.

காப்பீடு என் துறை இல்லை, ஆனால் சாதாரண வீட்டுக் காப்பீடு நிலநடுக்கச் சேதத்தைத் தராது என்பது தெரியும். தனி நிலநடுக்கக் காப்பீடு இருந்தாலும் தொட்டித் தண்ணீரால் கெட்ட தரைக்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 6 அடி நீளம், அகலம் இரண்டரை அடிக்கு மேல், உயரம் 20 அங்குலம், ஸ்டாண்ட் 50 செ.மீ. என்று சொல்லிச் செய்யச் சொல்வேன், கொள்ளளவு கிட்டத்தட்ட அதேதான் வரும். வாங்குமுன் வீட்டுக்கு அடியில் இறங்க முடிந்தால் அஸ்திவாரத்தையும் ஜாயிஸ்டுகள் எந்தத் திசையில் போகின்றன என்பதையும், தொட்டி வரப்போகிற சுவரையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். படத்தை வைத்து எவ்வளவு சொல்ல முடியுமோ சொல்கிறேன்.